சவுத் கரோலினா மகளிர் கூடைப்பந்து அணி: 2025-26 பருவத்துக்கு முன்களத்தில் ஆள்பலம் போதுமா?

சாரல் (கேள்வி, செப்டம்பர் 2025)

அனைவருக்கும் வணக்கம். சவுத் கரோலினா பல்கலைக்கழகத்தின் மகளிர் கூடைப்பந்து அணியைத் தொடர்ந்து கவனித்துவரும் நண்பர்களிடம் ஒரு கேள்வியை முன்வைக்கிறேன். கடந்த ஏப்ரல் 6 அன்று டாம்பாவில் நடந்த இறுதிப்போட்டியில் கனெக்டிகட் அணியிடம் 59-82 என்ற கணக்கில் தோற்றதோடு நமது பருவம் முடிந்தது. 35 வெற்றி, 4 தோல்வி என்பது வேறு எந்தக் கல்லூரிக்கும் பொற்காலக் கணக்கு. ஆனால் அந்த நான்கு தோல்விகளில் இரண்டு கனெக்டிகட்டிடம் வந்தவை, இரண்டுமே இருபது புள்ளிகளுக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் வந்தவை என்பதால், இந்த இடைவெளிக் காலத்தில் அணி எப்படிச் சீரமைக்கப்படும் என்பதை மிகுந்த அக்கறையோடு பார்த்துவந்தேன்.

முதல் ஐவரில் டெ-ஹினா பாவ்பாவ், பிரீ ஹால், சானியா ஃபீகின் ஆகிய மூவரும் படிப்பை முடித்து டபிள்யூஎன்பிஏ (அமெரிக்க மகளிர் தொழில்முறை லீக்) தேர்வில் இடம்பெற்றுவிட்டார்கள். மிலேசியா ஃபுல்விலி எல்எஸ்யூவுக்கு (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) மாறிவிட்டார். கடந்த ஜனவரியில் முழங்காலில் ஏசிஎல் தசைநார் கிழிந்த ஆஷ்லின் வாட்கின்ஸ், இந்தப் பருவம் முழுவதும் ஆடப்போவதில்லை என்று கோடையில் அறிவித்துவிட்டார். வந்து சேர்ந்தவர்களில் ஃப்ளோரிடா ஸ்டேட்டின் டனியா லாட்சன், மிசிசிப்பி ஸ்டேட்டின் மடினா ஒகோட் ஆகிய இருவரும் பெரிய பெயர்கள். அகோட் மகீர், அய்லா மெக்டவல் இருவரும் பள்ளிப்படிப்பு முடித்து வருபவர்கள்.

எண்ணிப் பார்த்தால் களமிறங்கக்கூடியவர்கள் பதினொருவர். எனக்குள்ள கவலை முன்களம், அதாவது கூடையருகே ஆடும் உயரமானவர்கள், பற்றியது. குளோயி கிட்ஸ், ஜாய்ஸ் எட்வர்ட்ஸ், ஒகோட் ஆகிய மூவருக்கும் பின்னால் நிற்பவர்கள் மரியம் தவுதாவும் அடெல் டாக்கும்தான். இருவருமே சென்ற ஆண்டு சொற்ப நிமிடங்களே ஆடியவர்கள். பயிற்சியாளர் டான் ஸ்டேலியின் அணி என்றாலே ஒன்பது பத்துப் பேர் மாறிமாறி இறங்கி எதிரணியைக் களைப்படையச் செய்யும் அணி என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். அந்த ஆள்பலம் இப்போதும் இருக்கிறதா, அல்லது பெயர்களின் பளபளப்பில் ஒரு பள்ளம் மறைந்து கிடக்கிறதா? ஆட்ட நுணுக்கம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

---

எல்லைக்கோடு (மறுமொழி)

வணக்கம், சாரல் அவர்களே. உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால் முன்களத்தை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தால் இந்தக் கோடையில் நடந்த பெரிய மாற்றம் கண்ணுக்குத் தப்பிவிடும். எனவே ஒட்டுமொத்த அணியிலிருந்து தொடங்குகிறேன்.

சென்ற பருவத்தின் விசித்திரமான கணக்கு ஒன்றை முதலில் நினைவூட்ட வேண்டும். அணியில் அதிகப் புள்ளிகள் எடுத்தவர் எட்வர்ட்ஸ், ஆட்டத்துக்குச் சராசரி 12.7. அடுத்தவர் ஃபுல்விலி, 11.7. இருவருமே பெரும்பாலும் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவர்கள். அதாவது, ஆட்டத்தைத் தொடங்கிவைத்த ஐவர் தடுப்பாட்டத்தையும் ஒழுங்கையும் நிலைநிறுத்தினார்கள். புள்ளிகளைக் குவித்தவர்கள் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள். டெஸ்ஸா ஜான்சனும் அந்த இரண்டாம் அணியைச் சேர்ந்தவர்தான். எதிரணிப் பயிற்சியாளர் தம் முதல் ஐவருக்கு ஓய்வு கொடுக்க நினைக்கும் நேரத்தில், நம் பக்கத்திலிருந்து இன்னும் வேகமான மூவர் மாற்று ஆட்டக்காரர்களாக மேசைப் பக்கம் வந்து நிற்பார்கள். அதுதான் நமது பலமாக இருந்தது.

இந்த ஆண்டு அந்த அமைப்பு தலைகீழாகப் போகிறது. எட்வர்ட்ஸ் தொடக்கத்திலிருந்தே ஆடுவார் என்பதில் ஐயமில்லை. கோடையில் சிலியில் நடந்த அமெரிக்கக் கண்டக் கோப்பைப் போட்டியில் அமெரிக்க அணிக்காக ஆடித் தங்கம் வென்று திரும்பியிருக்கிறார். லாட்சன் சென்ற ஆண்டு முதல் டிவிஷன் (கல்லூரி ஆட்டத்தின் உச்ச நிலை) முழுவதிலும் புள்ளிச் சராசரியில் முதலிடம் பெற்றவர், 25.2. ரேவன் ஜான்சன் ஐந்தாம் ஆண்டாகத் திரும்பி வருகிறார். கிட்ஸ் எஸ்இசி (நம் அணி ஆடும் கான்ஃபரன்ஸ், அதாவது கல்லூரிகளின் கூட்டமைப்பு) தொடரின் சிறந்த வீராங்கனை விருது பெற்றவர். ஒகோட் ஆட்டத்துக்குச் சராசரி 11.3 புள்ளி, 9.6 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவது) எடுத்தவர். இந்த ஐவரும் தொடங்கினால், டெஸ்ஸா ஜான்சன் ஆறாவது ஆளாக வருவார். புள்ளி எடுக்கும் ஆற்றல் முழுவதும் பெஞ்சிலிருந்து முதல் ஐவருக்கு இடம்பெயர்ந்துவிட்டது. ஆள்பலம் குறைந்துவிட்டது என்று சொல்வதைவிட, அது இருக்கும் இடம் மாறிவிட்டது என்று சொல்வதே பொருத்தம் என்பது என் கருத்து. அந்த மாற்றத்தால் ஆட்டத்தின் இரண்டாம், மூன்றாம் கால்பகுதிகளில் நாம் அனுபவித்துவந்த சாதகம் குறையும்; முதல் கால்பகுதியில் தடுமாறி எழும் பழக்கம் ஒருவேளை நீங்கும்.

ஒகோட்டின் வரவு எவ்வளவு முக்கியமானது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. 2024இல் 38-0 என்று முடித்த அணியில் கமிலா கார்டோசோ இருந்தார். இறுதிப்போட்டியில் அயோவாவுக்கு எதிராக 15 புள்ளி, 17 ரீபவுண்ட் எடுத்தவர் அவர். அவர் போன பிறகு, கூடையருகே நின்றாலே எதிரணியின் வீச்சை மாற்றிவிடும் உயரமான சென்டர் சென்ற ஆண்டு நம்மிடம் இல்லை. ஃபீகின் நுட்பமானவர், ஆனால் 6 அடி 3 அங்குலம்தான். யூசிஎல்ஏ (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், லாஸ் ஏஞ்சலிஸ்) அணியின் லாரன் பெட்ஸ் 6 அடி 7 அங்குலம். 2024 நவம்பரில் அந்த அணியிடம் 62-77 என்று தோற்று, 43 ஆட்டங்களாக நீடித்த வெற்றித்தொடர் முறிந்ததை நாம் மறக்கவில்லை. ஒகோட் 6 அடி 6 அங்குலம். கென்யாவில் கைப்பந்து ஆடிக்கொண்டிருந்தவர், கூடைப்பந்துக்கு மிகவும் தாமதமாக வந்தவர். ஆகவே அவருடைய கால்நகர்வும் தடுப்பாட்டத்தில் நிற்கும் இடமும் இன்னும் செம்மைப்பட இடமுண்டு. அலியா பாஸ்டனையும் கார்டோசோவையும் வளர்த்தெடுத்த பயிற்சிக் குழுவிடம் அவர் வந்திருப்பது அவருக்கும் நல்லது, அணிக்கும் நல்லது.

பின்களத்தில் எனக்குக் கவலையே இல்லை. ரேவன், லாட்சன், டெஸ்ஸா, மேடி மெக்டானியல், அவர்களோடு கனடாவிலிருந்து வந்திருக்கும் மகீர். ரேவனும் லாட்சனும் அட்லாண்டாவின் வெஸ்ட்லேக் உயர்நிலைப் பள்ளியில் ஒன்றாக ஆடியவர்கள் என்பது வெறும் நெகிழ்ச்சிக்கான செய்தி அன்று: வேகமாக எதிர்த்தாக்குதல் நடத்தும்போது தம் கூட்டாளி எந்தப் பக்கம் வெட்டி ஓடுவார் என்பதைப் பார்க்காமலேயே அறிந்த ஒரு பாயிண்ட் கார்டு (பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தை நடத்துபவர்) கிடைப்பது புதிதாக வருபவருக்குப் பெரிய வரம். ஒரே குறை வெளிவட்ட வீச்சு. பாவ்பாவும் ஹாலும் போன பிறகு, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து நம்பிக்கையோடு எறியக்கூடியவர் என்று தயக்கமின்றி நான் சொல்லக்கூடியவர் டெஸ்ஸா ஒருவரே. லாட்சனின் பலம் கூடையை நோக்கிப் பாய்ந்து செல்வது.

---

பெஞ்ச் ஓரம் (மறுமொழி)

எல்லைக்கோடு ஐயா எழுதியதைப் படித்தேன். அவர் முதல் ஐவரைப் பற்றிச் சொன்ன அனைத்தையும் ஏற்கிறேன். ஆனால் சாரல் அம்மா கேட்ட கேள்விக்கு அதில் நேரடியான பதில் இல்லை என்பதால் குறுக்கிடுகிறேன். ஒரு கல்லூரி மகளிர் அணியின் ஆள்பலத்தைப் பத்தாவது ஆள் யார் என்று கேட்டு அளந்து பயனில்லை. ஒரே இடத்தில் ஆடும் இருவர் ஒரே வாரத்தில் ஆட முடியாமல் போனால் என்ன செய்வோம் என்று கேட்டுத்தான் அளக்க வேண்டும். அந்த அளவுகோலில் நமது முன்களம் மெலிந்தே இருக்கிறது.

பெண்கள் ஆடும் கூடைப்பந்தில் ஏசிஎல் காயம் ஆண்களைவிடப் பல மடங்கு அதிகமாக ஏற்படுகிறது என்பது மருத்துவ உலகம் நீண்டகாலமாக அறிந்த உண்மை. நம் அணியிலேயே பாருங்கள்: ரேவன் 2021இல் தம் முதல் பருவம் தொடங்கிய சில நாட்களிலேயே முழங்கால் காயத்தால் அந்த ஆண்டு முழுவதையும் இழந்தார், வாட்கின்ஸ் 2025 ஜனவரியில் மிசிசிப்பி ஸ்டேட்டுக்கு எதிரான ஆட்டத்தில் விழுந்தார். கனெக்டிகட்டின் கதை இன்னும் கொடியது. பெய்ஜ் பெக்கர்ஸ் 2022-23 முழுவதையும், ஆஸி ஃபட் 2023-24இல் ஏறக்குறைய முழுவதையும் இழந்தார்கள். 2023 ஜனவரியில், ஆடத் தகுதியுள்ள உதவித்தொகை வீராங்கனைகள் ஏழு பேர்கூட இல்லாததால், டிபால் அணிக்கு எதிரான ஆட்டத்தையே அவர்கள் தள்ளிவைக்க நேர்ந்தது. பயிற்சியாளர் ஜெனோ ஆரியெம்மாவின் அணிக்கே இந்த நிலை என்றால் மற்றவர்கள் எம்மாத்திரம்.

டிசியூ (டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) அணிக்கு 2024 ஜனவரியில் நேர்ந்தது அதைவிடப் பாடமானது. காயங்களால் ஆள் இல்லாமல் கேன்சஸ் ஸ்டேட், அயோவா ஸ்டேட் ஆகிய இரு அணிகளுக்கு எதிரான ஆட்டங்களை விட்டுக்கொடுத்துவிட்டு, வளாகத்திலேயே படித்துக்கொண்டிருந்த மாணவிகளுக்குத் திறந்த தேர்வு நடத்தி ஆள் சேர்த்தார்கள். வகுப்பில் உட்கார்ந்திருந்த பெண்கள் சில நாட்களில் பெரிய கான்ஃபரன்ஸ் ஆட்டத்துக்கான சீருடையை அணிந்து பெஞ்சில் அமர்ந்தார்கள். அந்தப் பெண்களின் துணிவை நான் மிகவும் மதிக்கிறேன். ஆயினும் ஒரு பயிற்சியாளர் எந்த நிலைக்கு வந்துவிடக் கூடாது என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

இப்போது நம் கணக்கைப் பார்ப்போம். நாற்பது நிமிட ஆட்டத்தில் ஐந்து இடங்களுக்கு 200 நிமிடங்கள். முன்களத்தின் இரண்டு இடங்களுக்கு 80 நிமிடங்கள். மூன்று உயரமானவர்களை ஒருசேர நிறுத்தினால் 120. எட்வர்ட்ஸ், கிட்ஸ், ஒகோட் ஆகியோர் ஆளுக்கு 28 நிமிடம் ஆடினால் 84 நிமிடம் நிரம்பும். காகிதத்தில் இது அழகாக இருக்கிறது. ஆனால் ஒகோட் முதல் கால்பகுதியிலேயே இரண்டு ஃபவுல் வாங்கினால் என்ன ஆகும்? ஐந்தாவது ஃபவுலில் வெளியேற வேண்டும் என்பதால், முதல் பாதியில் இரண்டு வாங்கியவரைப் பெரும்பாலான பயிற்சியாளர்கள் உட்காரவைத்துவிடுவார்கள். தாமதமாக ஆட்டத்தைக் கற்ற உயரமான சென்டர்களுக்கு ஃபவுல் விஷயத்தில் தடுமாற்றம் ஏற்படுவது இயல்பு. அந்த நேரத்தில் எட்வர்ட்ஸை சென்டர் இடத்துக்கு நகர்த்துவார்கள். 6 அடி 3 அங்குலத்தோடு அவர் பெட்ஸ் போன்றவரை முதுகில் தாங்கிக்கொண்டு ஆட வேண்டியிருக்கும். இது ஒரு கால்பகுதிக்குச் சரி. பருவம் முழுவதற்கும் சரிவராது.

எனவே தவுதாவும் டாக்கும் ஒப்புக்கு இறங்குபவர்களாக இல்லாமல், நவம்பர், டிசம்பர் மாதங்களில் எளிய எதிரணிகளுக்கு எதிராக ஆளுக்குப் பன்னிரண்டு பதினைந்து நிமிடங்களாவது ஆடியாக வேண்டும். நாற்பது புள்ளி முன்னிலையில் இருக்கும்போது கொடுக்கும் நிமிடங்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை. முதல் பாதியில், ஆட்டம் இன்னும் தீர்மானமாகாத நேரத்தில் கொடுக்க வேண்டும். தவுதாவுக்கு அர்க்கன்சாவில் எஸ்இசி ஆட்டங்களைத் தொடங்கிய அனுபவம் உண்டு. 6 அடி 4 அங்குல உயரத்தோடு வெளியிலிருந்து வீசவும் கூடியவர். சென்ற ஆண்டு அவருக்கு வாய்ப்பு கிடைக்காததற்குக் காரணம் அவருக்கு முன்னால் நின்றவர்களின் தரம். அதை அவருடைய திறமைக் குறைவாகப் படிக்கக் கூடாது.

இன்னொன்று. ஸ்டேலிக்கு இந்தச் சூழ்நிலை புதிதன்று. 2017இல் அலைனா கோட்ஸ் கணுக்கால் காயத்தால் என்சிஏஏ தொடர் (தேசியக் கல்லூரிப் போட்டி) முழுவதும் ஆடவில்லை. இரட்டைக் கோபுரங்களாக நின்றவர்களில் ஒருவர் திடீரென்று இல்லை. அவர் அணியைச் சிறிதாக்கி, ஆஜா வில்சனை நடுவில் நிறுத்தி, அலிஷா கிரே, கேலா டேவிஸ் போன்றோரின் வேகத்தை நம்பி முதல் பட்டத்தை வென்றார். கிரேயும் டேவிஸும் வேறு கல்லூரிகளிலிருந்து மாறி வந்தவர்கள் என்பதையும் கவனியுங்கள். இந்த ஆண்டும் அப்படி ஒரு மாற்றுத் திட்டம் தயாராக இருக்க வேண்டும். அதற்கான பின்கள ஆட்டக்காரர்கள் நம்மிடம் தாராளமாக இருக்கிறார்கள்.

---

சாரல்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. டிசியூ நிகழ்வைப் பற்றி இதுவரை எனக்குத் தெரியாது. ஒரு துணைக் கேள்வி மட்டும். பெஞ்சின் வலிமையால்தான் வென்றோம் என்றால், அந்த பெஞ்சின் முகமாக இருந்த ஃபுல்விலியை ஏன் தக்கவைத்துக்கொள்ள முடியவில்லை? கொலம்பியாவிலேயே பிறந்து, கீனன் உயர்நிலைப் பள்ளியில் ஆடி, அரங்கத்தில் இருந்த எல்லோருக்கும் சொந்தப் பிள்ளையாகத் திகழ்ந்தவர் போனது என்னைப் போன்றவர்களுக்கு இன்னும் ஆறவில்லை. அதுவும் அதே கான்ஃபரன்ஸில் உள்ள எல்எஸ்யூவுக்கு.

---

மூன்றாம் கால்பகுதி (மறுமொழி)

சாரல் அவர்களுக்கு வணக்கம். உங்கள் துணைக் கேள்வியில்தான் இந்தத் திரியின் மையம் இருக்கிறது என்று நினைக்கிறேன்; எனவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

2024 ஏப்ரல் 7, கிளீவ்லாந்து, அயோவாவுக்கு எதிரான தேசிய இறுதிப்போட்டி. அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் முதல் கால்பகுதியில் மட்டும் 18 புள்ளிகள் எடுத்துவிட்டார். அயோவா 10-0 என்று தொடங்கியது. இரண்டாம் கால்பகுதி முடியும் தருணத்தில் நடுக்கோட்டருகே ரேவன் ஜான்சன் கிளார்க்கின் கையிலிருந்து பந்தைப் பறித்து, தனியாக ஓடிப்போய்க் கூடையில் இட்டார். 49-46 என்ற முன்னிலையோடு இடைவேளை. முந்தைய ஆண்டு அரையிறுதியில் இதே கிளார்க், மூன்று புள்ளிக் கோட்டில் தனியாக நின்ற ரேவனைத் தடுக்கவே வேண்டாம் என்பதுபோல் கையை அசைத்து விலகிச் சென்றதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பறிப்பு என்னவென்று புரியும். ஆனால் அந்த ஆட்டத்தைத் தீர்மானித்த எண் வேறு. நமது பெஞ்ச் எடுத்த புள்ளிகள் 37. அயோவாவின் பெஞ்ச் எடுத்தது பூஜ்யம். முதலாண்டு மாணவியான டெஸ்ஸா ஜான்சன் மட்டும் 19. இறுதி எண்ணிக்கை 87-75. 38 ஆட்டங்கள், தோல்வியே இல்லை.

அந்த 37-0 என்ற எண் எப்படிச் சாத்தியமாயிற்று? 2023இல் முதல் ஐவர் அனைவரும், பாஸ்டன், ஜியா குக், பிரியா பீல் உட்பட, ஒரே நேரத்தில் விடைபெற்ற பிறகும், இரண்டாம் வரிசையில் காத்திருந்தவர்கள் ஒரு நாள் தங்கள் முறை வரும் என்று நம்பித் தங்கியிருந்ததால்தான். கார்டோசோ அப்படிக் காத்திருந்தவர். ஃபீகின் மூன்று ஆண்டுகள் காத்திருந்து நான்காம் ஆண்டில்தான் தொடக்க ஆட்டக்காரர் ஆனார். பொறுமை ஒரு தலைமுறை முழுவதற்கும் வழக்கமாக இருந்த காலம் அது. இன்று விதிகளே வேறு. மாறுபவர் ஓராண்டு வெளியில் உட்கார வேண்டும் என்ற பழைய கட்டுப்பாடு இல்லை. 2025இல் பருவம் முடியும் வேளையில் 30 நாட்கள் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (கல்லூரி மாற விரும்புபவர்கள் பதிவுசெய்யும் பட்டியல்) திறந்திருந்தது. பெயரைப் பதிவுசெய்தால் போதும். இதற்கு மேல், கடந்த ஜூன் 6 அன்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஹவுஸ் வழக்குத் தீர்வின்படி, ஜூலை 1 முதல் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் 2025-26 ஆண்டில் ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை தன் விளையாட்டு மாணவர்களோடு நேரடியாகப் பகிர்ந்துகொள்ளலாம். அதில் பெரும்பங்கு அமெரிக்கக் கால்பந்துக்குத்தான் போகும் என்றாலும், மகளிர் கூடைப்பந்திலும் ஒரு சிறந்த வீராங்கனைக்கு இன்று சந்தை மதிப்பு என்று ஒன்று உண்டு.

ஃபுல்விலி எஸ்இசியின் சிறந்த ஆறாவது ஆட்டக்காரர் விருதை வென்றார். ஆட்டத்துக்குச் சராசரி 18.9 நிமிடம். அந்த நேரத்தில் 11.7 புள்ளி என்றால், முப்பது நிமிடம் கிடைத்தால் என்ன செய்வார் என்று எந்தப் பயிற்சியாளரும் கணக்குப் போடுவார், அவரும் போட்டிருப்பார். அதை நன்றிகெட்ட செயல் என்று எழுதுபவர்களை நான் கடுமையாக மறுக்கிறேன். நான்கே ஆண்டுகள் கொண்ட கல்லூரி வாழ்க்கையில், தொழில்முறைத் தேர்வுக்கு முன்னால் தம்மை முழுமையாகக் காட்டிக்கொள்ள விரும்பும் இருபது வயதுப் பெண்ணை அதற்காகக் குறைசொல்வது முறையன்று. ஸ்டேலியின் மீதும் குறை காண மாட்டேன். பெஞ்சிலிருந்து வந்தாலும் முக்கியமான தருணங்களில் ஃபுல்விலியின் கையில்தான் பந்தைக் கொடுத்தார். இருவருக்கும் நியாயம் இருந்தது, பாதைகள் பிரிந்தன.

இது நம் அணிக்கு மட்டும் நேர்ந்ததன்று. சென்ற பருவத்தில் யூசிஎல்ஏ வரலாற்றிலேயே முதன்முறையாக என்சிஏஏ தொடரின் அரையிறுதிக்குச் சென்றது. அந்த வெற்றியின் சூடு ஆறுவதற்குள் 2024இல் சேர்ந்த முதலாண்டு மாணவிகள் நால்வரும் வெளியேறிவிட்டார்கள். வெற்றி பெறும் அணியில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைவிட, சுமாரான அணியில் களத்தில் இருப்பதே மேல் என்று ஒரு தலைமுறை முடிவுசெய்துவிட்டது. அதனால் பழைய மாதிரியான ஆள்பலத்தை, அதாவது மூன்று ஆண்டு காத்திருக்கும் இரண்டாம் வரிசையை, இனி எவராலும் கட்டியெழுப்ப முடியாது என்பதே என் துணிபு. ஒவ்வோர் ஏப்ரலிலும் போர்ட்டலிலிருந்து இருவரோ மூவரோ முதல் தர வீராங்கனைகளைக் கொண்டுவந்து, அவர்களைச் சுற்றி ஆறேழு பேரை நிறுத்துவதுதான் இனிமேல் ஆள்பலம் என்று அழைக்கப்படும். லாட்சனும் ஒகோட்டும் அந்தப் புதிய முறையின் தொடக்கம். பாவ்பாவ் 2023இல் ஆரிகனிலிருந்து வந்தபோதே அதன் சாயல் தெரிந்தது.

இந்த இடத்தில் பெஞ்ச் ஓரம் அவர்களிடமிருந்து சற்று விலகுகிறேன். தவுதாவுக்கும் டாக்குக்கும் நிமிடம் கொடுக்க வேண்டும் என்பது சரி. ஆனால் அதே நிமிடங்களுக்கு மெக்டவலும் போட்டியிடுவார். 6 அடி 2 அங்குல உயரமும் வெளிவட்ட வீச்சும் உடைய டெக்சஸ் மாணவி. அவரை நான்காவது இடத்தில் (முன்கள ஆட்டக்காரராக) நிறுத்திக் களத்தை அகலமாக்கினால், எல்லைக்கோடு அவர்கள் சொன்ன வெளிவட்டக் குறையும் ஓரளவு தீரும். முன்களம் என்றாலே உயரம் மட்டுமே என்று பார்க்க வேண்டியதில்லை.

---

எல்லைக்கோடு (மறுமொழி)

மூன்றாம் கால்பகுதி அவர்கள் எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன், ஒன்றைத் தவிர. காத்திருக்கும் இரண்டாம் வரிசை இனி இல்லவே இல்லை என்பதை டெஸ்ஸா ஜான்சனே மறுக்கிறார். தேசிய இறுதியில் 19 புள்ளி எடுத்தவர், எந்தக் கல்லூரிக்குப் போயிருந்தாலும் அடுத்த நாளே தொடங்கியிருப்பார். மூன்றாம் ஆண்டுக்கும் இங்கேயே வந்திருக்கிறார். மெக்டானியலும் முதலாண்டில் ரேவன், பாவ்பாவ், ஃபுல்விலி ஆகியோருக்குப் பின்னால் நின்றவர், போகவில்லை. அப்படித் தங்குபவர்களுக்கு இந்த ஆண்டு உரிய நிமிடங்கள் கிடைக்கிறதா என்பதுதான் அடுத்த ஏப்ரலில் யார் யார் இருப்பார்கள் என்பதைத் தீர்மானிக்கும். குறிப்பாக மெக்டானியல். ரேவனுக்கு இது கடைசிப் பருவம். 2026-27இல் பந்தை மேலே கொண்டுவரப் போகிறவர் இன்று ஆட்டத்துக்குப் பதினைந்து நிமிடமாவது தலைமை ஏற்றுப் பழக வேண்டும்.

முன்கள நெருக்கடிக்கு இன்னொரு வழியும் உண்டு என்பதைச் சொல்ல மறந்துவிட்டோம். பள்ளிப்படிப்பை முன்கூட்டியே முடித்துவிட்டு, பருவத்தின் நடுவில் வந்து சேர்பவர்களை ஸ்டேலி இதற்கு முன்பும் ஏற்றிருக்கிறார். கிட்ஸே 2022 டிசம்பரில் அப்படி வந்து, அந்தப் பருவத்திலேயே சீருடை அணிந்தவர்தான். உதவித்தொகை இடங்கள் பதினைந்து. வாட்கின்ஸுக்கு ஓர் இடம் ஒதுக்கிவைத்தாலும், மூன்று இடங்கள் காலியாக இருக்கின்றன. அவற்றை இப்போதே நிரப்பாமல் விட்டிருப்பது அலட்சியம் அன்று என்றே எண்ணுகிறேன்.

---

பெஞ்ச் ஓரம் (மறுமொழி)

மெக்டவலைப் பற்றிய குறிப்பை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் முதலாண்டு மாணவி ஒருவர் எஸ்இசியின் பலம் பொருந்திய ஃபார்வர்டுகளுக்கு எதிராக ரீபவுண்ட் எடுத்துக் காட்டும்வரை, என் கணக்கில் அவரை வெளிவட்டத்தில்தான் வைப்பேன். டிசம்பர் வழியைப் பொறுத்தவரை, அது கிடைத்தால் நல்லது. அதை நம்பித் திட்டமிட முடியாது. பருவத்தின் நடுவில் வருபவருக்குத் திட்டங்களைக் கற்கவே இரண்டு மாதம் ஆகும்.

சாரல் அம்மாவுக்கு ஒரு யோசனை. நவம்பர் மாத ஆட்டங்களைப் பார்க்கும்போது புள்ளிக் கணக்கை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒகோட்டுக்கு இரண்டாவது ஃபவுல் விழுந்த உடனே மேசைப் பக்கம் எழுந்து வருபவர் யார் என்று மட்டும் கவனியுங்கள். டாக் வந்தால், பயிற்சிக் கூடத்தில் அவர் நம்பிக்கையைச் சம்பாதித்துவிட்டார் என்று பொருள். எட்வர்ட்ஸ் சென்டருக்கு நகர்ந்து டெஸ்ஸா உள்ளே வந்தால், ஸ்டேலி 2017இன் வழியைத் தேர்ந்துகொண்டார் என்று பொருள். தவுதா வந்து மூலையிலிருந்து ஒரு மூன்று புள்ளி வீச்சை எறிந்தால், நான் மிகவும் மகிழ்வேன்.

---

சாரல்

குறித்துக்கொண்டேன். கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் தொடங்கியதும் ஒவ்வோர் ஆட்டத்திலும் முன்களத்தில் யார் எத்தனை நிமிடம் ஆடினார்கள் என்ற கணக்கை இந்தத் திரியிலேயே பதிவிட்டுவருகிறேன்; எல்எஸ்யூ ஆட்டத்துக்குப் பிறகு மீண்டும் விரிவாகப் பேசுவோம்.